நாற்பத்து மூன்றாவது மதிப்பெண்

மே மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்களில் வெயிலுக்கு அடுத்தபடியாகக் கண்ணைக் கூசச் செய்பவை பள்ளிகளின் பதாகைகள். பேருந்து நிலைய வாசலில், மேம்பாலத் தூண்களில், தேநீர்க் கடையின் கூரைமேல் என்று எங்கு நோக்கினும் குழந்தைகளின் முகங்கள். முதல் மதிப்பெண் பெற்றவரின் முகம் ஆளுயரத்தில். இரண்டாமவருடையது அதில் பாதி. மூன்றாமவருடையது அதிலும் பாதி. சென்டம் வாங்கிய ஏனையோர் அஞ்சல்தலை அளவில் கீழே வரிசையாக. மதிப்பெண்ணுக்கேற்ப முகத்தைப் பெருக்கவும் சுருக்கவும் செய்கிற இந்த வடிவியலை முதலில் வகுத்தவர் எந்த அச்சகத்தில் இருக்கிறாரோ அறியோம். நம் சமூகம் குழந்தைகளைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறது என்பதை அவர் அளவுக்குத் துல்லியமாகச் சொன்னவர் எவருமிலர்.

தமிழக அரசு 2017ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளுக்கு மாநிலத் தரவரிசை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. அதனை அன்றே வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். அதற்குமுன் நிலைமை எவ்வளவு அபத்தமாக இருந்ததென்று அறிய 2015ஆம் ஆண்டின் பத்தாம் வகுப்பு முடிவு ஒன்றே போதும். 500க்கு 499 பெற்று 41 பேர் மாநிலத்தில் முதலிடம். 498 பெற்ற 192 பேர் இரண்டாமிடம். 497 பெற்ற 540 பேர் மூன்றாமிடம். முதலிடத்தில் நாற்பத்தொருவர் நெருக்கியடித்து நிற்கும்போது 'முதல்' என்னும் சொல்லுக்கு என்ன பொருள் எஞ்சும் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த 192 வீடுகளில் அன்றிரவு என்ன பேசியிருப்பார்கள் என்பதை ஊகிக்க நமக்குக் கற்பனைத்திறன் வேண்டியதில்லை. நாம் வளர்ந்த வீடுகளும் அவைதாமே. 'ஒரு மார்க்கில் போய்விட்டது.' எங்கோ ஓர் ஒற்றுப்பிழை, விடைத்தாளின் ஓரத்தில் எழுத மறந்த ஓர் அலகு. பதினைந்து வயதுக் குழந்தை அந்த ஒற்றைச் சுமந்துகொண்டு எத்தனை ஆண்டுகள் நடந்திருக்கும்!

பட்டியல் போயிற்று, அரிப்பு போகவில்லை. மாநில முதலிடம் இல்லையென்றால் பள்ளி முதலிடம். அதுவும் கூடாதென்றால் சென்டங்களின் எண்ணிக்கை. அதுவும் சலித்துவிட்டால் நீட் தேர்வின் அகில இந்திய வரிசை எண். ஆகவே இக்கட்டுரையில் அரசாணைகளைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. தேர்வில் தோற்றவர்களைப் பற்றியும் பேசப்போவதில்லை. அவர்களுக்காக ஆண்டுதோறும் தலையங்கங்கள் எழுதப்படுகின்றன, எழுதப்படவும் வேண்டும். நாம் பேச விரும்புவது பதாகையில் ஆளுயரத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தையைப் பற்றி. அக்குழந்தைக்கு எந்தக் குறையும் இல்லை என்றுதான் நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

நம் வாசகர் வட்டத்தில் ஒரு நண்பர் உண்டு. பெயர் வேண்டாம். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு தம் மாவட்டத்தில் முதலாவதாகத் தேறியவர். நாளிதழில் படம் வந்தது. மேடையில் சால்வை போர்த்தினார்கள். 'அன்றைக்கு உங்களுக்கு என்ன தோன்றியது?' என்று ஒரு மாலைக் கூட்டத்தின் முடிவில் கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, 'தப்பித்தோம் என்று தோன்றியது' என்றார். மகிழ்ச்சியாக இல்லையா? 'மகிழ்ச்சியெல்லாம் அப்பாவுக்கு' என்றார்.

பிறகு பொறியியல் கல்லூரி. அங்கே வகுப்பு முழுக்க அவரைப் போன்ற முதல் மாணவர்களே. முதற்பருவத் தேர்வில் அவருக்குப் பதினேழாம் இடம். அன்றிலிருந்து அவரது வரலாறு விலகல்களின் வரலாறாக இருந்திருக்கிறது. எட்டு வயது முதல் பயின்ற மிருதங்கத்தை விட்டார். விடுதியில் அவரைவிட நன்றாக வாசிக்கும் இளையவன் ஒருவன் வந்து சேர்ந்திருந்தான். இரண்டு சிறுகதைகள் எழுதினார். இரண்டையும் படித்திருக்கிறோம், நல்ல கதைகள். சமவயதுக்காரர் ஒருவருக்குப் பரிசு கிடைத்த ஆண்டில் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். நாற்பது வயதைத் தொட்டபோது முதுகுவலிக்காக மருத்துவர் சொன்னாரென்று நீச்சல் பழகச் சேர்ந்தார். மூன்றாம் நாளோடு சரி. பக்கத்துத் தடத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் அவரைத் தாண்டிப் போனானாம். இதைச் சொல்லிவிட்டு அவரே உரக்கச் சிரித்தார். நாமும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தோம்: ஒரு மிருதங்கம், எழுதப்படாத கதைகள், ஒரு நீச்சல் குளம். மாவட்ட முதலிடத்துக்கு அவர் கொடுத்த விலை இது, இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இத்தகைய மனநிலையை மிகத் தெளிவாக விவரித்தவர் கரென் ஹோர்னாய். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய உளப்பகுப்பாய்வாளர். 1937இல் வெளியான தம் நூலில் நோய்மையுற்ற போட்டியுணர்வை இயல்பான போட்டியுணர்விலிருந்து பிரித்துக் காட்டுகிறார். அதன் முதல் அறிகுறி, ஒப்பீட்டுக்கு இடமே இல்லாத சூழலிலும் ஓயாமல் தன்னைப் பிறரோடு அளந்துகொள்வது. நீச்சல் குளத்துப் பையன் நினைவுக்கு வருகிறான். அடுத்தது, பிறரைவிட நன்றாகச் செய்தால் போதாது, ஈடிணையற்றவராகவே இருந்தாகவேண்டும் என்னும் வேட்கை. மூன்றாவதாக, இவை இரண்டுக்கும் அடியில் மறைந்திருக்கும் பகைமை: வேறெவரும் அழகராகவோ அறிஞராகவோ வெற்றியாளராகவோ இருந்துவிடக் கூடாது. இப்படிப்பட்ட மனிதரைப் பந்தயக் குதிரையோட்டிக்கு ஒப்பிடுகிறார் ஹோர்னாய். குதிரையோட்டிக்கு மற்றவர்களுக்கு முன்னால் இருக்கிறோமா என்பது ஒன்றே கணக்கு. விளைவு, செய்கிற காரியத்தின்மீதே பற்று அற்றுப்போகிறது.

நமது வழக்கின் மையம் இதுதான். முதலிட வேட்கையின் விலை தூக்கமின்மையும் நெஞ்சுப் படபடப்பும் மட்டுமென்றால் மருந்து மாத்திரைகளோடு முடிந்துவிடும். அந்த வேட்கை கணிதத்தைத் தின்றுவிடுகிறது, இசையைத் தின்றுவிடுகிறது, மொழியைத் தின்றுவிடுகிறது. முதலாவதாக வந்த குழந்தையின் கையில் கடைசியில் இலக்கம் மட்டுமே மிஞ்சுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களில் எத்தனை பேர் அதற்குப்பின் விருப்பத்தோடு ஒரு வேதியியல் நூலைத் தொட்டிருக்கிறார்கள்? தமிழில் முதலிடம் பெற்றவர்களில் எத்தனை பேர் இன்று தமிழ் வாசிக்கிறார்கள்? நமக்குத் தெரிந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தோம். எண்ண விரல்கள் மீந்தன.

சான்றுக்குக் கும்பகோணத்துக்கு வருவோம். சீனிவாச ராமானுஜனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ராபர்ட் கனிகல் பள்ளிக்கூடச் சம்பவம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். எண்கணிதத் தேர்வொன்றில் சிறுவன் ராமானுஜனுக்கு 45க்கு 42. வகுப்புத் தோழனுக்கு 43. ராமானுஜன் அவனோடு பேச மறுத்து அழுதுகொண்டே தாயிடம் ஓடிவிட்டாராம். பின்னாளில் உலகத்துக் கணித மேதைகள் வியந்து நிற்கப்போகும் அந்தத் தலைக்குள் அன்றைக்கு இருந்தது எண்களின் விந்தை அன்று. நாற்பத்து மூன்றாவது மதிப்பெண்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 1903 வாக்கில் கார் என்பவர் தொகுத்த தேற்றங்களின் திரட்டு ஒன்று ராமானுஜனின் கைக்கு வருகிறது. அதன்பின் அவர் எந்த வரிசையிலும் இல்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்றப் பாடங்களைக் கைவிட்டு உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. நம் பள்ளி நிர்வாகிகளின் மொழியில் சொன்னால் 'ரிசல்ட்டைக் கெடுக்கிற மாணவன்'. அந்த ஆண்டுகளில்தான் குறிப்பேடுகள் நிரம்பின. இதிலொரு வேடிக்கையும் உண்டு. கார் அந்நூலைத் தொகுத்ததே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதப் போட்டித் தேர்வுக்கு மாணவரைத் தயார்செய்த தனிப்பயிற்சியின்போதுதான். பந்தயத்துக்காக எழுதப்பட்ட கையேடு, பந்தயம் இல்லாத ஒருவரிடம் வந்துசேர்ந்து கணிதமாகிவிட்டது.

அந்தக் கேம்பிரிட்ஜ் தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 'டிரைபாஸ்' என்று பெயர். அதில் முதலாவதாக வருபவர் 'சீனியர் ராங்ளர்'. தர வரிசையைப் பல்கலைக்கழக மன்றத்தில் உரக்கப் படிப்பார்கள், நாளிதழ்கள் வெளியிடும், முதலாமவரின் புகைப்பட அட்டைகள் ஊரில் விற்பனையாகும். நம் பதாகைகளின் மூதாதையர் அவை. கௌரவப் பட்டியலில் கடைசி இடம் பெற்றவருக்கோ மன்றத்தின் மாடத்திலிருந்து ஒரு மரக்கரண்டியைக் கயிற்றில் இறக்குவார்கள். பயிற்சி நிலையங்களும் இல்லாமலில்லை. எட்வர்ட் ரௌத் என்னும் தனிப்பயிற்சியாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருபதுக்கும் மேற்பட்ட சீனியர் ராங்ளர்களை உருவாக்கினார். அவரே 1854இன் சீனியர் ராங்ளர். அவ்வாண்டு அவருக்குப் பின்னால் இரண்டாமிடத்தில் வந்தவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். மின்காந்தவியலின் சமன்பாடுகளைத் தந்த அதே மாக்ஸ்வெல்தான். 1845இல் இரண்டாமிடத்தில் வந்தவர் பிற்காலத்துக் கெல்வின் பிரபு. முதலிடம் பெற்ற பார்க்கின்சனை இன்று யார் அறிவார்? 1890இல் பிலிப்பா பாசெட் என்னும் பெண் எல்லா ஆண்களையும் விஞ்சினார். பெண்களுக்குப் பட்டமும் இல்லை, வரிசையில் இடமும் இல்லை என்பதால் 'சீனியர் ராங்ளருக்கு மேலே' என்று அறிவித்துவிட்டுச் சீனியர் ராங்ளர் பட்டத்தை ஓர் ஆணுக்கே கொடுத்தார்கள். முதலிடத்தின் முதன்மை அவ்வளவுதான்.

இந்த ஆலையில் 1898ஆம் ஆண்டு அரைபட்டு வெளியே வந்தவர் ஜி.எச். ஹார்டி. ராமானுஜனின் கடிதத்தைப் படித்து அவரை இங்கிலாந்துக்கு அழைத்த அதே ஹார்டி. அவ்வாண்டு அவருக்கு நான்காம் இடம். சிறுவயதில் கணிதத்தின்மேல் தமக்குப் பெருங்காதல் எதுவும் இருந்ததில்லை, மற்றப் பையன்களை வீழ்த்த வேண்டும், அதற்கு இதுவே உறுதியான வழியாகத் தெரிந்தது என்று தம் 1940ஆம் ஆண்டு நூலில் அவரே ஒளிவின்றி எழுதியிருக்கிறார். டிரைபாஸ் பயிற்சி அவருக்குக் கணிதத்தையே வெறுக்கச் செய்தது. வரலாற்றுப் பாடத்துக்கு மாறிவிடலாமா என்றுகூட எண்ணினார். லவ் என்ற பேராசிரியரின் பரிந்துரைப்படி ஜோர்டான் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞரின் நூலைப் படித்தபோதுதான் கணிதம் என்றால் என்னவென்று தமக்கு முதன்முதலாகப் புரிந்தது என்கிறார். அந்த நூல் தேர்வுக்கு உரியதன்று.

தரவரிசையை ஒழிக்கும் முயற்சியில் ஹார்டி முன்னணியில் நின்றார். 1909ஆம் ஆண்டோடு சீனியர் ராங்ளரும் போனார், மரக்கரண்டியும் போயிற்று. அதோடும் நிற்காமல் 1926இல் அந்தத் தேர்வையே முற்றாக நீக்கவேண்டுமென்று பேருரையாற்றினார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் இந்நோயை அறிந்திருக்க முடியாது.

அறிந்தும் என்ன? அவருடைய நண்பர் சி.பி. ஸ்னோ எழுதிய நினைவுக் குறிப்பில் ஓர் அவதானிப்பு வருகிறது: அந்தப் பந்தயம் நகைப்புக்குரியதென்று ஹார்டிக்குத் தெரியும், எனினும் அதில் தாம் வென்றிருக்க வேண்டுமென்ற உறுத்தல் அவரை விடவில்லை. பட்டியலை ஒழித்த அம்மனிதர் வாழ்நாள் முழுதும் பட்டியல் போட்டுக்கொண்டே இருந்தார். தமக்கு வியப்பளித்தவர்களைக் கிரிக்கெட் வீரர்களின் பெயரால் வகைப்படுத்துவார். 'பிராட்மன் வகுப்பு' என்பது உச்சம். கணித மேதைகளுக்கு அவர் மதிப்பெண் போட்ட கதையும் சொல்லப்படுகிறது: தமக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, ஹில்பர்ட்டுக்கு 80, ராமானுஜனுக்கு 100. ராமானுஜனுக்கு நூறு கிடைத்ததில் நம்மவர்களுக்கு ஒரு கிளுகிளுப்பு. அதை மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். அந்த 25ஐப் போட்டுக்கொண்ட மனதைப் பற்றி யோசிப்பதில்லை.

மேற்சொன்ன 1940ஆம் ஆண்டு நூலில் படைப்பாற்றல் வற்றிவிட்ட ஒரு முதியவரின் துயரம் பக்கத்துக்குப் பக்கம் கசிகிறது. விளக்குவதும் விமர்சிப்பதும் இரண்டாந்தர மூளைகளின் வேலை; இப்போது கணிதத்தைச் செய்யாமல் கணிதத்தைப் பற்றி எழுதுகிறேனே என்று நொந்துகொள்கிறார். (இலக்கியம் பற்றிக் கட்டுரை எழுதும் நாம் இவ்விடத்தில் கோபப்படலாம்.) நூலின் இறுதியில் தமக்கொரு ஆறுதலையும் சொல்லிக்கொள்கிறார். சலிப்பூட்டும் பெருமைக்காரர்கள் நடுவே சிக்கும்போது, உங்களால் ஒருநாளும் செய்திருக்க முடியாத ஒன்றை நான் செய்திருக்கிறேன், லிட்டில்வுட்டோடும் ராமானுஜனோடும் ஏறத்தாழச் சமமாக நின்று வேலை செய்தேன் என்று மனத்துக்குள் நினைத்துக்கொள்வாராம். அவ்வாக்கியத்தின் கருத்தை நம் கூட்டங்களில் பலமுறை பேசியிருக்கிறோம். முற்பாதியில் பழைய டிரைபாஸ் மாணவன் இன்னொருவரைத் தோற்கடிக்கிறான். பிற்பாதியில் அவனே இரு தோழர்களோடு ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறான். ஒரே மனம், ஒரே மூச்சு.

எதிர்வாதங்களுக்கு வருவோம். 'ஆரோக்கியமான போட்டி' என்றொரு தொடர் உண்டு. பள்ளி ஆண்டுவிழாக்களில் சிறப்பு விருந்தினர் தவறாமல் உச்சரிப்பது. போட்டி இல்லாவிட்டால் குகேஷ் கிடைத்திருப்பாரா என்று கேட்பார்கள். சதுரங்கம் போட்டியாலேயே ஆனது. எதிராளி இல்லாமல் அங்கே ஆட்டமே இல்லை. அதை மறுக்க நாம் அறிவிலிகள் அல்லோம். ஆனால் அதே சதுரங்கத்தின் உச்சியில் நடந்ததையும் சேர்த்தே பார்க்கவேண்டும். 1972இல் உலகப் பட்டம் வென்ற பாபி பிஷர் 1975இல் அதைக் காக்க வரவில்லை. 1992 வரை அரங்கில் ஆடவேயில்லை. ஐந்துமுறை பட்டம் வென்ற மாக்னஸ் கார்ல்சன், இனி அதற்காக ஆடுவதில் தமக்கு ஆர்வமில்லையென்று 2022இல் தாமே விலகினார். 2023இல் பட்டம் வென்ற டிங் லிரென் அதன்பின் தம்மைப் பீடித்த மனச்சோர்வை வெளிப்படையாகச் சொன்னார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினான்காவது ஆட்டத்தில் குகேஷிடம் பட்டத்தை இழந்தார். வென்றபோது குகேஷுக்கு வயது பதினெட்டு. அவர் அடுத்து ஆடிய தொடர்களில் ஓர் ஆட்டம் தோற்றாலும் போதும், முந்தைய நாள்வரை கொண்டாடியவர்களே 'இவர் உண்மையான சாம்பியன்தானா' என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஆரோக்கியம் இதில் எங்கே இருக்கிறதென்று சிறப்பு விருந்தினர்தான் காட்டவேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. அதை முன்வைத்தவர் நம் வட்டத்தின் இன்னொரு நண்பர். அவர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர். 'நீங்கள் வேலையில் அமர்ந்துவிட்டுப் பேசுகிறீர்கள். எனக்கு மதிப்பெண்ணைத் தவிர வேறு சொத்து இருந்ததில்லை. கட்-ஆஃபில் கால் மதிப்பெண் குறைந்திருந்தால் நான் இன்று அப்பாவோடு செங்கல் சூளையில்தான் இருந்திருப்பேன்.' இதற்கு நம்மிடம் உடனடி விடை இல்லை; இன்றும் முழுமையான விடை இல்லை. இடங்கள் நூறு, வருவோர் ஆயிரம் என்றால் எப்படியோ வரிசைப்படுத்தித்தான் ஆகவேண்டும். அந்தக் கால் மதிப்பெண் அவருக்கு உயிர்ப் பிரச்சினை. நம் சண்டை அவரோடு அன்று. அவருக்கு வேண்டியிருந்தது உள்ளே நுழையும் அளவுக்கு மதிப்பெண். எல்லோரையும்விட அதிகமாக வாங்க வேண்டுமென்ற ஆசை அவருக்கு வீட்டிலிருந்து வரவில்லை. 'நீ நம் பள்ளியின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும்' என்ற ஆசிரியரிடமிருந்து வந்தது. காலை நான்கு மணிக்கு எழுப்பிச் சிறப்பு வகுப்பு நடத்தியவர். அந்தப் பள்ளி அவருடைய படத்தை மூன்றாண்டுகள் சேர்க்கை விளம்பரத்தில் பயன்படுத்தியது. இதை அவரே சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. இடப் பற்றாக்குறையை நிருவாகத்தின் தோல்வி என்று பேசுவதற்குப் பதிலாக, அதைத் தாண்டி வந்த ஒற்றைக் குழந்தையின் வெற்றியாகக் கொண்டாடுகிறோம். வெளியே நிற்கும் தொள்ளாயிரம் பேர் தங்களைத்தாமே குற்றவாளிகளாக எண்ணிக்கொள்வது இப்படித்தான்.

குற்றவாளியாக எண்ணும் பழக்கம் தொடங்குமிடம் வீடு. 98 வாங்கிவந்த குழந்தையிடம் 'மீதி இரண்டு எங்கே?' என்று கேட்காத தகப்பன் நம் தலைமுறையில் அரிது. நம்மில் பலர் அதே கேள்வியை இன்று நகைச்சுவைபோல் கேட்கிறோம்; குழந்தை நகைச்சுவையாக எடுத்துக்கொள்வதில்லை. புகழ்ச்சியிலும் நஞ்சு உண்டு என்பதைக் காட்டிய ஆய்வொன்று 1998இல் வெளியாயிற்று. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தியது. சில புதிர்களைத் தீர்த்தபின் சிலரை 'நீ கெட்டிக்காரன்' என்றும் வேறு சிலரை 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினார்கள். பின்னர் கடினமான புதிர்களில் அனைவரும் சறுக்கினர். அம்மதிப்பெண்ணை முகம் தெரியாத வேறொரு மாணவருக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, கெட்டிக்காரர் என்று புகழப்பட்டவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நால்வர் பொய் எழுதினர். எழுதுவது யாருக்கென்றே தெரியாது, ஆனாலும் பொய். கெட்டிக்காரப் பட்டம் பறிபோய்விடுமோ என்ற அச்சம் அப்படிப்பட்டது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் கல்லூரி மாணவர்கள் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் 1989 முதல் 2016 வரை திரட்டிய தரவுகளைத் தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் இருவரும் ஒருங்கே வைத்துப் பார்த்தார்கள். பிறர் தம்மிடம் குறையற்ற முழுமையை எதிர்பார்க்கிறார்கள் என்னும் உணர்வு அக்காலத்தில் 33 விழுக்காடு கூடியிருந்தது. நம் நாட்டில் அப்படியொரு கணக்கெடுத்தால் என்ன வரும் என்று நினைக்கவே அச்சமாயிருக்கிறது.

நம் நாட்டில் எடுக்கப்படும் கணக்கு வேறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவின்படி 2022ஆம் ஆண்டில் தம்மை மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர். எல்லா மரணங்களுக்கும் தேர்வே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. ஒவ்வொன்றுக்குப் பின்னும் பல காரணங்கள் இருக்கும். ஆனால் நம் அமைப்பு அதற்கு என்ன விடை கண்டது என்பதைப் பாருங்கள். நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற ராஜஸ்தானின் கோட்டா நகரில் மாணவர் மரணங்கள் தொடர்ந்தபோது, 2023 ஆகஸ்டில் மாவட்ட நிர்வாகம் விடுதி அறைகளின் மின்விசிறிகளில் சுருள்வில் பொருத்த ஆணையிட்டது. விடுதி மாடங்களில் வலைகள் கட்டினார்கள். ஓர் உயிரையேனும் அது காக்குமானால் நாம் குறைசொல்ல மாட்டோம். பதினாறு வயதுக்குட்பட்டோரைச் சேர்க்கக் கூடாது, தரவரிசையை உறுதியளித்து விளம்பரம் செய்யக் கூடாது என்று 2024 ஜனவரியில் ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளும் வந்தன. எல்லாம் சரி. குழந்தையைச் சுற்றியிருந்த விசிறியைத் திருத்தினோம், சன்னலைத் திருத்தினோம். வாரந்தோறும் அறிவிப்புப் பலகையில் அதன் பெயருக்கு எதிரே ஏறி இறங்கும் எண்ணைத் தொட மட்டும் யாருக்கும் கை வரவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு நம் வீட்டுக் குப்பையைப் பேசாமல் விட்டால் நியாயமாகாது. இலக்கிய வாசகர்களாகிய நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? தமிழின் தலைசிறந்த பத்து நாவல்கள், நூற்றாண்டின் சிறந்த சிறுகதைகள், ஆண்டின் சிறந்த கவிதைத் தொகுப்பு. டிசம்பர் வந்தால் பட்டியல். புத்தகக் கண்காட்சி வந்தால் பட்டியல். ஓர் எழுத்தாளரைப் பற்றிப் பேசத் தொடங்கிய மூன்றாம் நிமிடத்தில் 'இவர் பெரியவரா, அவர் பெரியவரா' என்று வந்து நிற்கிறோம். ஒரு கதையில் வரும் கிழவியைப் பற்றியோ, வாக்கியம் ஒன்று திரும்பும் விதத்தைப் பற்றியோ பேசி முடித்த மாலைகள் நமக்கு எத்தனை? பந்தயத் திடலுக்குப் போய்வந்தவர்களைப்போல் தொண்டை வறண்டு வீடு திரும்பிய மாலைகளே அதிகம். பட்டியலில் இடம்பெறாத எழுத்தாளர் ஒருவர், அடுத்த ஆண்டு முழுக்க ஒரு வரியும் எழுதவில்லை என்று நம்மிடமே சொன்னார். அவரைத் தேற்றினோம். பட்டியலைத் தயாரித்த கை நம்முடையது என்பதை அவர் நாகரிகம் கருதிக் குறிப்பிடவில்லை.

ஆகவே, இவ்வாண்டு டிசம்பரில் சிறந்த நூல்களின் வரிசையை வெளியிடுவதில்லையென்று நம் வாசகர் வட்டம் முடிவுசெய்திருக்கிறது. மாறாக ஒவ்வொருவரும் தாம் படித்த ஒரு நூலைப் பற்றி, வேறெந்த நூலோடும் ஒப்பிடாமல், நான்கு பக்கம் எழுதுவதாக ஏற்பாடு. மிருதங்க நண்பரும் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார். முடிவு நிறைவேறியதும் மூலையில் அமர்ந்திருந்த ஒருவர் எழுந்து, 'பட்டியலைக் கைவிட்ட வாசகர் வட்டங்களில் நாம்தான் முதலாவதாக இருப்போம்' என்று பெருமிதத்தோடு சொன்னார். கைதட்டினார்கள். நாமும் தட்டினோம்.